புரோமிதியஸ் பராமரிப்பு: வடசென்னையிலிருந்து வந்த கேள்விகள்

காற்றுத் தூசியிலிருந்து ஐஸ் அறையின் குளிர்வரை, நேரத்தோடு அளந்து புரோமிதியஸ் டேட்டாபேஸில் சேர்த்துவைப்பவர்கள் நம் பக்கம் பெருகிவிட்டார்கள். இந்த மாதம் வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

மணலி: போன மாதத் தூசி அளவைக் கேட்டால் கிராஃப் காலியாக வருகிறது. யார் அழித்தது?

யாரும் அழிக்கவில்லை. நாம் எதுவும் சொல்லாவிட்டால் புரோமிதியஸ் 15 நாள் டேட்டாவைத்தான் வைத்திருக்கும். பழையதைத் தானே நீக்கிவிடும். பேக்கப் இல்லையென்றால் போனது போனதுதான்.

டிஸ்க் நிரம்பிவிடும் என்று பயப்படாதீர்கள், கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 சென்சார், ஒவ்வொன்றிலும் 5 அளவு என்றால் 200 சீரிஸ், அதாவது தனித்தனி அளவு வரிசைகள். 15 விநாடிக்கு ஒருமுறை எடுத்தால் ஒரு சீரிஸுக்கு நாளைக்கு 5,760 அளவு, மொத்தம் 11,52,000. சுருக்கியபின் ஓர் அளவுக்குச் சராசரியாக 1 முதல் 2 பைட்தான். இரண்டு என்றே வைத்தாலும் நாளைக்கு 2.3 எம்பி, வருஷத்துக்கு 1 ஜிபிகூட வராது. ரிட்டென்ஷனை, அதாவது டேட்டாவை வைத்திருக்கும் காலத்தை, இன்றே ஒரு வருஷமாக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிள்ளைக்கு இளைப்பு வந்த அன்று காற்று எப்படி இருந்தது என்று மணலியில் ஒரு அம்மா கேட்டால், நம்மிடம் பதில் இருக்க வேண்டும்.

காசிமேடு ஐஸ் பேக்டரி: கரண்ட் போய் வந்தால் ஸ்டார்ட் ஆகப் பத்து நிமிஷம் ஆகிறது. வால் (WAL) ஃபோல்டரை அழித்தால் சட்டென்று வந்துவிடுமாமே, அண்ணா?

தயவுசெய்து அதில் கை வைக்காதீர்கள். கடைசி இரண்டு மூன்று மணி நேர அளவுகள் மெமரியில்தான் இருக்கும். கரண்ட் போனால் அவை தொலையாமலிருக்க, வரவர டிஸ்கிலும் 128 எம்பி துண்டுகளாக எழுதிவைக்கிறது பாருங்கள், அதுதான் வால். ஸ்டார்ட் ஆகும்போது அதைத் திரும்பப் படிக்கத்தான் அந்த நேரம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது என் வீட்டிலும் இதே நிலை. அவசரப்பட்டு ஃபோல்டரை அழித்தேன். மழை வெளுத்து வாங்கிய அந்த மணி நேரங்கள் என் கிராஃபில் இன்றும் வெறும் வெள்ளைப் பட்டையாக நிற்கின்றன. இப்போதும் பார்த்தால் மனது அடித்துக்கொள்கிறது.

புரோமிதியஸ் தன் வேலையைக் குறித்துவைக்கும் லாக்கைத் திறந்து பாருங்கள். துண்டு எண் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போனால் வேலை நடக்கிறது, காத்திருங்கள். எழுத்து பாதியில் அறுந்திருந்தால், கெட்ட இடத்திலிருந்து வெட்டிவிட்டு அதற்கு முந்தையதை அதுவே காப்பாற்றிக்கொள்ளும். ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கிவிடுங்கள், அப்புறம் இந்தத் தொல்லையே பெரும்பாலும் இருக்காது.

வியாசர்பாடி, கல்லூரி மாணவர்: வரிசை டோக்கன் எண்ணை லேபிளாக, அதாவது அளவோடு ஒட்டும் அடையாளமாக, சேர்த்ததும் மெமரி எகிறுகிறது. இது பக் (மென்பொருள் கோளாறு) தானா?

பக் இல்லை, தம்பி. ஒவ்வொரு புதிய லேபிள் மதிப்பும் ஒரு புதிய சீரிஸ். ஆயிரம் டோக்கன், ஆயிரம் சீரிஸ். கவுண்டர் எண், கிளை மாதிரிச் சில மதிப்புகளுக்குள் அடங்குவதை மட்டும் லேபிளாக்குங்கள்.

தண்டையார்பேட்டை: டேட்டாவை என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழி) டிஸ்கில் வைக்கலாமா?

வேண்டாம். அதே மெஷினிலுள்ள லோக்கல் டிஸ்க்தான்.

எண்ணூர்: இரவு 10 மணி அலர்ட் விடிகாலை 3.30க்கு அடிக்கிறது.

மணி பார்க்கும் ஃபங்க்ஷன் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தைத்தான் சொல்லும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். 19,800 விநாடியைக் கூட்டியபின் அந்த ஃபங்க்ஷனுக்குக் கொடுங்கள், சரியாகிவிடும்.

பெரம்பூர்: இன்னும் பழைய 2.40 வெர்ஷனில் இருக்கிறேன். நேராக 3-க்குப் போகலாமா?

முதலில் ஸ்னாப்ஷாட், அதாவது டேட்டாவின் நகல், எடுங்கள். பிறகு 2.55-க்கு ஏறி, சில நாள் ஓடவிட்டுப் பாருங்கள். 3-இல் ஏதாவது ஒத்துவராமல் திரும்ப நேர்ந்தால் 2.55 வரைதான் இறங்க முடியும், அதற்குக் கீழே முடியாது. ரிலீஸ் நோட்ஸில் பக் ஃபிக்ஸ் பகுதியைப் படிக்காமல் ஏறவே ஏறாதீர்கள். நீங்கள் மாதக்கணக்கில் மல்லாடிய கோளாறு அங்கே ஒரே வரியில் தீர்ந்திருக்கும்.

ராயபுரம்: பக் ஒன்றைப் பிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். என் ஆங்கிலம் சுமார்தான். எழுதலாமா?

கட்டாயம் எழுதுங்கள். வெர்ஷன், லாக், கோளாறைத் திரும்ப வரவழைக்கும் மிகச் சிறிய கான்ஃபிக் (அமைப்பு ஃபைல்), இந்த மூன்றும் இருந்தால் நான்கு வரி எளிய ஆங்கிலமே போதும். அனுப்புவதற்கு முன் ஒரு காலி டேட்டா ஃபோல்டரில் அதே கோளாறு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் லாக்கை எனக்கும் அனுப்புங்கள், என் மெஷினிலும் ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.