குஞ்சுகளைத் தின்றது ஆண் மீன் இல்லை

கேள்வி: வீட்டுத் தொட்டியில் ஃபைட்டர் மீன் இரண்டு முறை முட்டையிட்டது. இரண்டு முறையும் குஞ்சு பொரித்து, நீந்த ஆரம்பித்த நாலைந்து நாளில் எல்லாம் காணாமல் போய்விட்டன. ஆண் மீன் தின்றிருக்கும் என்று நினைத்து, இரண்டாம் முறை குஞ்சுகள் நீந்தியதுமே அதை எடுத்துவிட்டேன். அப்படியும் ஒன்றுகூடத் தேறவில்லை. வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவைக் கரைத்துத்தான் கொடுத்தேன். எங்கே தவறு?

பதில்: ஆண் மீன் இல்லாதபோதும் குஞ்சுகள் போயின என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அப்புறம் அதன் மேல் என்ன பழி? குஞ்சுகள் பட்டினியில் செத்திருக்கின்றன. இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளமுள்ள உடல், செத்த சில மணி நேரத்தில் கரைந்துவிடும். அதனால்தான் காணாமல் போனதுபோல் தெரிகிறது.

முட்டை ஒன்றிரண்டு நாளில் பொரியும். பொரிந்த குஞ்சு, ஆண் மீன் தண்ணீர் மட்டத்தில் கட்டிய நுரைக்கூட்டின் அடியில் வால் கீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும். கீழே விழுந்தால் ஆண் மீன் வாயில் கவ்வி மறுபடி நுரையில் துப்பும். அந்த இரண்டு மூன்று நாளும் வயிற்றில் ஒட்டிய மஞ்சள் கருப் பைதான் குஞ்சுக்குச் சாப்பாடு. கிடைமட்டமாக நீந்த ஆரம்பித்தால் அந்தக் கையிருப்பு தீரப்போகிறது என்று அர்த்தம். ஆண் மீனை எடுக்க வேண்டியதும் அப்போதுதான். அதைச் சரியாகவே செய்திருக்கிறீர்கள்.

சிக்கல் மஞ்சள் கருவில். ஃபைட்டர் குஞ்சு அசைகிற இரையைத்தான் துரத்திப் பிடிக்கும். மஞ்சள் கருவின் துகள்கள் அசையாது, பெரும்பாலானவை அடியில் படிந்து அழுகும். குஞ்சுக்குப் பசியும் தீராது, தண்ணீரும் கெடும். மஞ்சள் கருவிலேயே வளர்த்தவர்களும் உண்டு. ஆனால் தினமும் அடியை உறிஞ்சிச் சுத்தம் செய்யும் பொறுமை வேண்டும்; புதிதாகச் செய்பவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை.

அடுத்த முறை ஜோடி சேர்ப்பதற்கு ஒரு வாரம் முன்பே தீவனத்தைத் தயார் செய்யுங்கள். ஒரு கண்ணாடி ஜாடியில் பழைய தொட்டித் தண்ணீரை நிரப்பி, ஒரு துண்டு வாழைப்பழத் தோலோ காய்ந்த கீரை இலையோ போட்டு வெளிச்சமான இடத்தில் வையுங்கள். முதலில் தண்ணீர் பால்போல் கலங்கி நாறும். சில நாளில் கலங்கல் தெளிய ஆரம்பிக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் தூசுபோல் நுண்ணுயிர்கள் மிதந்து நகரும். இதுதான் இன்ஃபுசோரியா. சொட்டுக்குழாயில் எடுத்து ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை கொஞ்சமாக விடுங்கள். நாற்றம் போகாத ஜாடியைத் தொடாதீர்கள்.

நீந்திய நாலைந்தாம் நாளிலிருந்து அப்போதுதான் முட்டையிலிருந்து வெளிவந்த ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் நுண்ணிய இறால் போன்ற உயிர்) கொடுங்கள். அதன் முட்டையை உப்புத் தண்ணீரில் காற்றுக் குழாய் விட்டு வைத்தால் ஒரு நாள், ஒன்றரை நாளில் பொரியும். உப்புப் போக அலசிவிட்டுக் கொடுங்கள். குஞ்சு சாப்பிட்டதா என்று ஊகிக்க வேண்டியதில்லை: வயிறு ஆரஞ்சு நிறத்தில் உருண்டு தெரியும். வயிறு ஒட்டியிருந்தால் தீவனம் போதவில்லை, அல்லது இரை வாய்க்குப் பெரிது.

தொட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். தண்ணீர் ஒரு சாண் உயரம்கூட வேண்டாம், 10-15 செ.மீ. போதும், வெப்பம் 27-28 டிகிரி. ஃபில்டரை வேகமாக ஓடவிட்டால் நுரைக்கூடும் கலையும், குஞ்சும் அலைக்கழியும். மூடியை மட்டும் மறக்காதீர்கள். காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பு குஞ்சுக்கு மூன்று நான்கு வாரத்தில்தான் உருவாகும். அந்தச் சமயத்தில் மேலே குளிர்ந்த காற்றுப் பட்டால் நன்றாக வளர்ந்த குஞ்சுகளும் போய்விடும். குளோரின் நீக்கிய, அதே வெப்பமுள்ள தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். மெல்லிய காற்றுக் குழாயால் உறிஞ்சினால் குஞ்சு அவ்வளவாக உள்ளே போகாது. போனாலும் வாளியில் தேடிப் பிடித்துவிடலாம், நானே பலமுறை அப்படி மீட்டிருக்கிறேன்.

பெற்றோருக்கு இரண்டு வாரமாவது ஓய்வு கொடுங்கள். ஆணின் துடுப்பு கிழிந்திருந்தால் ஆறட்டும். பெண்ணுக்குக் கொசுப்புழுவோ ரத்தப்புழுவோ கொடுத்துத் தேற்றுங்கள். உடலில் குறுக்குக் கோடுகள் தோன்றி, வயிற்றின் அடியில் வெள்ளைப் புள்ளி துருத்திக்கொண்டு தெரிந்தால் பெண் தயார். முட்டையிட்டு முடித்ததும் பெண்ணை உடனே எடுத்துவிடுங்கள், விட்டுவைத்தால் ஆண் கடித்துக் குதறும்.

இன்னொன்று. குஞ்சுகள் பிழைத்தால், இரண்டு மூன்று மாதத்தில் ஆண்கள் ஒன்றையொன்று கடிக்க ஆரம்பிக்கும். 40 ஆண் இருந்தால் 40 ஜாடி, தினமும் 40 ஜாடிக்கும் தண்ணீர். வைக்க இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாழைப்பழத் தோலை ஜாடியில் போடுங்கள்.