மகளின் லேப்டாப்புக்கு ‘ப்ரோ’ போட வேண்டுமா?

கேள்வி: மகள் இந்த ஆண்டு பொறியியல் கல்லூரியில் சேர்கிறாள். சென்னையின் கணினிக் கடைத்தெருவான ரிச்சி தெருவில் ஒரு லேப்டாப் பார்த்து வைத்திருக்கிறோம். அதில் விண்டோஸ் 11 ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் இருக்கிறது. “இன்ஜினியரிங் படிக்கிற பொண்ணுக்கு ஹோம் பத்தாது சார், 1,500 கொடுங்க, லைஃப்டைம் ப்ரோ போட்டுத் தர்றேன்” என்கிறார் கடைக்காரர். நான் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். சில நாட்கள் வீட்டிலிருந்தே, இதே லேப்டாப் வழியாக ஆபீஸ் கணினியில் இருக்கும் டேலி கணக்கு மென்பொருளைத் திறக்க வேண்டியிருக்கும். ப்ரோ போட்டுவிடலாமா? – வாசகர், பெரம்பூர்

பதில்: வேண்டாம். ஹோமே போதும். அந்த 1,500 ரூபாய்க்கு ஒரு நல்ல பையும் மவுஸும் வாங்கிக் கொடுங்கள்.

முதலாண்டில் வரும் சி, பைத்தான், ஆட்டோகேட் எல்லாம் ஹோமில் ஓடும். ப்ரோ போட்டால் வேகம் கூடும் என்பது கட்டுக்கதை. உள்ளே இருப்பது ஒரே விண்டோஸ்தான். ஹோம் 128 ஜிபி ராம் வரை ஏற்றுக்கொள்ளும். நீங்கள் வாங்கப்போவது 8 அல்லது 16 ஜிபி. ப்ரோவில் கூடுதலாக இருப்பவை பெரும்பாலும், நிறைய கணினிகளை ஓரிடத்தில் உட்கார்ந்து கட்டுப்படுத்தும் ஆபீஸ்களுக்கானவை. ஒரே பொருளுக்கு இத்தனை பெயர் வைத்துவிட்டு, எது யாருக்கு என்று பெட்டியில் ஒரு வரி அச்சடிக்காத மைக்ரோசாஃப்டை என்ன சொல்வது? அந்த இடைவெளியில்தான் இந்த 1,500 ரூபாய் வியாபாரமே நடக்கிறது.

அந்த ‘லைஃப்டைம் ப்ரோ’வைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். ஹோமிலிருந்து ப்ரோவுக்கு முறைப்படி மாற மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலேயே பணம் கட்டலாம். அமெரிக்காவில் அதன் விலை 99 டாலர். கடைக்காரர் 1,500-க்கு, சிலர் 500-க்கே எப்படித் தருகிறார்கள்? ஏதோ ஒரு கம்பெனிக்குக் கொடுத்த மொத்த உரிமத்தின் சாவியாக (ஆக்டிவேஷனுக்குப் போடும் எண்ணாக) இருக்கலாம். அல்லது ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஓட்டும், உரிமம் இருப்பதுபோல் விண்டோஸை ஏமாற்றும் ஒரு ‘ஆக்டிவேட்டர்’ ஆக இருக்கலாம். சாவியை மைக்ரோசாஃப்ட் எப்போது வேண்டுமானாலும் முடக்கலாம். ஆக்டிவேட்டரோடு சேர்ந்து வேறு என்ன உள்ளே வந்தது என்பது போட்டவருக்கே தெரியாது. ஆபீஸ் வாடிக்கையாளர்களின் பான் எண்ணும் வங்கி விவரமும் புழங்கப்போகும் கணினியில் இதை ஏன் ஏற்ற வேண்டும்?

ரிச்சி தெருவில் ஒழுங்கான கடைகளும் நிறைய உண்டு. பிரித்தறிய ஒரு வழி: “ப்ரோ உரிமத்தை பில்லில் தனி வரியாக, ஜி.எஸ்.டி.யோடு போட்டுக் கொடுங்க” என்று கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அத்தோடு வேறு பக்கம் திரும்பிவிடும்.

ஏற்கெனவே இப்படிப் போட்டுக்கொண்டவர்கள், செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஆக்டிவேஷன் போய்ப் பாருங்கள். ‘டிஜிட்டல் லைசென்ஸ்’ என்று இருப்பதை மட்டும் வைத்து முறையான உரிமம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. சொந்த லேப்டாப்பில் ‘ஆர்கனைசேஷன்’ என்ற சொல் தென்பட்டால் சந்தேகப்படுங்கள். அந்த வகை ஆக்டிவேஷன் 180 நாளுக்குள் புதுப்பிக்கப்பட வேண்டியது. அதில் லைஃப்டைம் எங்கே வந்தது? விண்டோஸோடு வாங்கிய லேப்டாப் என்றால் ஹோம் சாவி மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். தேவையான ஃபைல்களை நகலெடுத்து வைத்துவிட்டு ஹோமைப் புதிதாக நிறுவினால், இணையம் கிடைத்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். காசு கிடையாது.

இதைவிடப் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. “நாங்களே செட்டப் பண்ணித் தர்றோம்” என்று சொல்லி, கடைப் பையன் தன் மின்னஞ்சலையோ அப்போதைக்கு உருவாக்கிய ஒன்றையோ போட்டு விண்டோஸைத் தொடங்கிவிடுவான். 2024-இல் வந்த 24எச்2 பதிப்பு முதல், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கும் புதிய லேப்டாப்புகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது, ஹோமிலும்கூட. அதைத் திறக்கும் 48 இலக்க மீட்புச் சாவி, முதலில் நுழைந்தவரின் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு நாள் பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டுக்குப் பிறகு நீலத்திரை வந்து அந்த எண்ணைக் கேட்கலாம். மகளின் ப்ராஜெக்ட் உள்ளே, சாவி எவனுடைய கணக்கிலோ. கணக்கு இல்லாமல் விண்டோஸைத் தொடங்கவே விடாமல் ஆளைப் பிடித்துத் தள்ளுகிற நிறுவனம், இதைப் பெரிய எழுத்தில் எச்சரிக்க மட்டும் மாட்டேன் என்கிறது. பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, மகளின் கணக்கிலேயே தொடங்குங்கள். மீட்புச் சாவியைக் காகிதத்திலும் எழுதி வையுங்கள். லேப்டாப்போடு எம்எஸ் ஆபீஸ் வந்திருந்தால் அதையும் அதே கணக்கில் பதிந்துவிடுங்கள்.

அப்புறம் உங்கள் டேலி. நிறையப் பேர் தவறான கணினிக்குச் செலவு செய்வது இங்கேதான். தூரத்தில் இருக்கும் கணினியை இங்கிருந்தே இயக்க உதவும் விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப்பில் இரண்டு முனைகள் உண்டு: நீங்கள் உட்கார்ந்திருக்கும் கணினி ஒன்று, நீங்கள் உள்ளே நுழையும் கணினி இன்னொன்று. ப்ரோ வேண்டியது இரண்டாவதுக்கு, அதாவது டேலி இருக்கும் ஆபீஸ் கணினிக்கு. பெரம்பூரில் இருக்கும் லேப்டாப் ஹோமாகவே இருக்கலாம். ஆபீஸில் இருப்பது ஹோம் என்றால், உங்கள் லேப்டாப்பில் எத்தனை ப்ரோ போட்டாலும் அது கதவைத் திறக்காது. அந்தச் செலவு முதலாளியுடையது, உங்களுடையது அல்ல.

ஆபீஸ் கணினி ப்ரோவாகவே இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒருவர்தான் அதில் வேலை செய்ய முடியும். நீங்கள் வீட்டிலிருந்து நுழைந்தால், அங்கே உட்கார்ந்திருப்பவரின் திரை பூட்டிக்கொள்ளும். மூன்று பேர் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும் என்றால் விண்டோஸ் சர்வரும் அதற்கான உரிமங்களும் வேண்டும். “சின்ன ஃபைல் ஒண்ணை மாத்தினா போதும், எல்லாரும் நுழையலாம்” என்று ஒருவர் கட்டாயம் வருவார். அது உரிம மீறல். அடுத்த அப்டேட்டில் உடைந்தும் போகும். ரிமோட் டெஸ்க்டாப்பை நேராக இணையத்துக்குத் திறந்துவிடுகிறவர்களும் உண்டு. பூட்டு உடைப்பவர்கள் முதலில் தட்டிப் பார்க்கும் கதவுகளில் அதுவும் ஒன்று. விபிஎன் (இணையத்துக்குள் பாதுகாப்பான தனிவழி) போட்டு, அதன் வழியாக மட்டும் நுழையும்படி அமைக்கச் சொல்லுங்கள்.

சிங்கிள் லாங்குவேஜ் என்றதும் தமிழில் தட்டச்சு செய்ய முடியாதோ என்று பயப்பட வேண்டாம். திரையின் மெனுக்கள்தான் ஒரே மொழியில் இருக்கும். தமிழ்99 விசைப்பலகையை செட்டிங்ஸிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.