பட்டியலில் கடைசிப் பெயரே திரும்பத் திரும்ப வருவது ஏன்?

பினாங்குத் தைப்பூசப் படங்களுக்காக நீங்கள் ஃபியூஸில் (கெர்னலைத் தொடாமல், சாதாரண நிரலாகவே கோப்பு முறைமை எழுத உதவும் வசதி) எழுதிய கோப்பு முறைமையில், கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’ கட்டளையைக் கொடுத்தால் ‘தண்ணீர்மலை-412’ முடிவில்லாமல் வருகிறது என்கிறீர்கள். கோளாறு ஆஃப்செட்டில்தான், அதாவது பட்டியலை எங்கிருந்து தொடர்வது என்று குறிக்கும் எண்ணில். ஒவ்வொரு பெயரையும் (பதிவையும்) பட்டியலில் சேர்க்கும் ஃபில்லர் என்ற செயற்கூறுக்கு, சேர்க்கும் அந்தப் பதிவின் இடத்தைத் தருகிறீர்கள். அது கேட்பதோ அடுத்த பதிவு தொடங்கும் இடம். அதனால் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) மறுபடி அதே பெயருக்கே வருகிறது.

வெறுமனே 1 கூட்டினால் சுழற்சி நிற்கும், ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். வரிசை எண்ணை ஆஃப்செட்டாக வைத்தால், 100 பெயர் படித்தபின் அவற்றில் 10ஐ அழித்ததும் மற்றவை முன்னே நகரும். 101 முதல் 110 வரை கண்ணில் படாமலே போகும். இது சத்தமில்லாமல் நடப்பதால் இன்னும் மோசம்.

ஒவ்வொரு பதிவுக்கும் உருவாகும்போதே மாறாத எண் கொடுங்கள், 1இலிருந்து. 0 தொடக்கத்தைக் குறிக்கும். அழித்த எண்ணை மறுபடி பயன்படுத்த வேண்டாம். ஃபில்லருக்கு அந்த எண்ணையே கொடுத்து, அடுத்த அழைப்பில் அதைவிடப் பெரிய எண்ணிலிருந்து தொடருங்கள். ஃபில்லர் 1 திருப்பினால், பெயர்களைத் தற்காலிகமாக வைக்கும் இடமான பஃபர் நிறைந்துவிட்டது என்று பொருள். அங்கேயே நிறுத்தி, பட்டியல் தரும் உங்கள் செயற்கூறிலிருந்து 0 திருப்புங்கள், பிழை எண் அல்ல.