வாய்க்கால் கரையில் பறவைக் கணக்கு: கேள்வி பதில்

பொங்கல் நெருங்குகிறது. பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்காக வீட்டைச் சுற்றிப் பறவை எண்ணுவது பற்றி டெல்டா பக்கத்திலிருந்து வந்த கேள்விகளுக்குக் கையோடு பதில் சொல்லிவிடுகிறேன்.

மன்னார்குடி பக்கத்திலிருந்து: டீச்சர், எங்கள் தெருவில் காக்கா, மைனா, தவிட்டுக்குருவி விட்டால் ஒன்றும் இல்லை. வடுவூர் ஏரிக்குப் போய் எண்ணினால்தானே அது கணக்கு?

வடுவூருக்கும் போங்கள். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த ஏரி, பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் அந்த ஏரியை எண்ண வனத்துறை இருக்கிறது, வெளியூரிலிருந்து கேமராவோடு வருகிறவர்களும் இருக்கிறார்கள். உங்கள் தெருவை எண்ண யார் இருக்கிறார்கள்? சிட்டுக்குருவி குறைந்துவிட்டது என்று எல்லோரும் சொல்கிறோம். முன்பு எந்த ஊரில் எத்தனை இருந்தது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இல்லை, ஏனென்றால் நிறைய இருந்தபோது யாரும் எழுதி வைக்கவில்லை. இன்றைக்கு மைனாவை எழுதாமல் விட்டால் நாளைக்கு அதற்கும் இதே கதிதான். அப்புறம், காக்கா என்று ஒரே வரியில் எழுதாதீர்கள். கழுத்து சாம்பல் நிறமாக இருந்தால் வீட்டுக்காகம், முழுக்கக் கறுப்பு என்றால் அண்டங்காக்கை.

திருவையாற்றிலிருந்து: எவ்வளவு நேரம் எண்ண வேண்டும் அக்கா?

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015 முதல் தமிழ்நாட்டில் நடக்கிறது. பொங்கலை ஒட்டி நான்கு நாள். ஒரு தடவைக்குக் குறைந்தது 15 நிமிடம் நின்றோ நடந்தோ பார்த்து, அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும் எண்ணிக்கையோடு, பறவைப் பட்டியல்களைச் சேர்த்து வைக்கும் இபேர்ட் செயலியில் ஏற்ற வேண்டும். விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் முடித்தால் நல்லது. வாசலில் கோலம் போட்டுக்கொண்டே எண்ணலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கூடாது, இரண்டும் கெடும்.

வலங்கைமானிலிருந்து: சம்பா அறுப்பு மெஷின் பின்னால் கொக்குக் கூட்டம் எழும்பி எழும்பி உட்காருகிறது. எப்படி எண்ணுவது?

எழும்பும்போது எண்ணாதீர்கள். மெஷின் வரப்போரம் திரும்பும், கொக்குகள் கொஞ்சம் அடங்கும், அப்போது ஆரம்பியுங்கள். முதலில் பத்துக் கொக்கை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு கூட்டத்தைப் பத்துப் பத்தாக வெட்டிக்கொண்டே போகலாம். 140 என்று தோன்றினால் 140 என்றே போடுங்கள். ‘நிறைய’ என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை.

அடுத்தது இனம் பிரிப்பது. மெஷின் பின்னால் ஓடுவதில் பெரும்பாலானவை உண்ணிக்கொக்கு: குட்டைக் கழுத்து, மஞ்சள் அலகு. கறுப்பு அலகு, கறுப்புக் கால், பாதம் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக்கொக்கு. வாய்க்கால் ஓரத்தில் மண்ணோடு மண்ணாக நிற்கும் மடையான்தான் ஏமாற்றும். உட்கார்ந்திருந்தால் பழுப்பு, பறந்தால் வெள்ளைச் சிறகு. கொஞ்சம் அசந்தால் ஒரே பறவை இரண்டு வரியில் ஏறிவிடும். அலகு மூடினாலும் நடுவே சந்து தெரிகிற பெரிய பறவை நத்தைகுத்தி நாரை. அது வயலில் நத்தை தின்ன வருகிறது, விரட்டாதீர்கள்.

பாபநாசத்திலிருந்து: வேப்பமரத்தில் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, கண் சிவப்பு. பருந்துக் குஞ்சா?

பெண் குயில். கறுப்பாக இருப்பது ஆண்.

நன்னிலத்திலிருந்து: சத்தம் மட்டும் கேட்டால் கணக்கில் சேருமா சார்?

சாரும் நான்தான், டீச்சரும் நான்தான், பரவாயில்லை. குரல் உறுதியாகத் தெரிந்தால் சேரும். மூங்கில் புதருக்குள் செம்போத்து கூப்பிடுவதைப் பார்த்துத்தான் எழுத வேண்டும் என்றில்லை. குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் செயலி ஒரு பெயர் காட்டினால் மட்டும் உடனே நம்பிவிடாதீர்கள். கரிச்சான் மற்ற பறவைகள் மாதிரி கத்தும், செயலி அதில் விழுந்துவிடும்.

திருவாரூர் பக்கத்திலிருந்து: பழைய நெல் குதிர் அறையில் வெள்ளை முகத்தோடு ஓர் ஆந்தை. அபசகுனம், விரட்டு என்கிறார் மாமியார்.

அது கூகை. அது தின்பது முக்கியமாக எலி. வயலில் தஞ்சாவூர் கிட்டி வைத்து எலி பிடிக்கிற ஊரில் சம்பளமில்லாமல் அந்த வேலையைச் செய்கிறதே என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள். கணக்கில் ஏற்றலாம். படத்தோடு வீட்டு அடையாளத்தை வாட்ஸ்அப்பில் போட வேண்டாம், ஆந்தையைப் பிடித்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

வேதாரண்யத்திலிருந்து: உப்பளத்தில் செத்துக்கிடந்த உள்ளான் பறவையின் காலில் வளையம் இருக்கிறது.

எண்ணும் எழுத்தும் தெளிவாகத் தெரிய படம் எடுங்கள். தேதி, இடம் குறித்து, மும்பையிலுள்ள பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புங்கள். கோடியக்கரையில் பறவைகள் எங்கே போய் வருகின்றன என்று அறியப் பல ஆண்டுகளாக வளையமிடுபவர்கள் அவர்கள்தான். வளையம் வேறு நாட்டுடையதாக இருந்தாலும் அவர்களிடமே சொல்லலாம். பறவையை வெறுங்கையால் தொட வேண்டாம்.

குத்தாலத்திலிருந்து: ஈச்சமரத்தில் இருபது தூக்கணாங்கூடு. இருபது ஜோடி என்று எழுதலாமா?

கூட்டை எண்ணாதீர்கள், குருவியை எண்ணுங்கள். ஆண் பாதி கட்டி நிறுத்தி வைக்கும், பெட்டைக்குப் பிடிக்காவிட்டால் அது அப்படியே தொங்கும். பொங்கல் நேரத்தில் காலிக்கூடுகளும் நிறைய இருக்கும். அதில் நுழைந்து வெளியே வருவது வெண்தொண்டைச் சில்லையாகவும் இருக்கலாம், பழைய கூட்டில் குடியேறுவது அதற்கு வழக்கம்.

ஒரத்தநாட்டிலிருந்து: எந்த பைனாகுலர் வாங்கலாம்?

8×42, அதாவது எட்டு மடங்கு பெரிதாகக் காட்டுவது, முன் லென்ஸ் 42 மி.மீ. அகலம். ஆனால் இந்தப் பொங்கலை வெறுங்கண்ணோடு ஓட்டிவிட்டு, தை முடிந்து கேளுங்கள்.