மாமா சொல்லும் கலிஃபோர்னியா கணக்கு

கேள்வி: என் மகன் இந்த வருடம் பிளஸ் டூ முடித்தான். 71 சதவீதம். இன்ஜினீயரிங்கில் நினைத்த கல்லூரி கிடைக்காது என்று தெரிந்ததால், நகரத்தில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்த்தோம். சுயநிதிப் பிரிவு, ஷிஃப்ட் 2. முதல் செமஸ்டர் ஃபீஸும் கட்டியாகிவிட்டது. இன்னும் பத்து நாளில் வகுப்பு ஆரம்பம். இந்த நேரத்தில், கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் ஊரில் இருக்கும் என் தம்பி, "அக்கா, அவனை இங்கே அனுப்பு. கம்யூனிட்டி காலேஜில் ரெண்டு வருஷம் படிக்கட்டும், செலவே கிடையாது, என் வீட்டிலேயே இருக்கட்டும், அப்புறம் பெர்க்லி யுனிவர்சிட்டிக்கு மாறிக்கலாம்" என்கிறான். மாமனாரோ, கம்யூனிட்டி காலேஜ் என்றால் படிப்பை விட்டவர்களுக்குத் தையல் சொல்லித் தருகிற இடம் என்கிறார். கணவர் ஓய்வு பெற இன்னும் 4 வருடம்தான். மகன் எதைக் கேட்டாலும் "மாமா சொல்றபடி போறேன்" என்கிறான். புது காலேஜுக்கு ஒரு நோட்டுகூட இன்னும் வாங்கவில்லை. என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம், நங்கநல்லூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமனார் சொல்வது பொய்யில்லை. தமிழ்நாட்டில் அந்தப் பெயரில் நடப்பவை பெரும்பாலும் கைத்தொழில் டிப்ளமோ தரும் இடங்கள். எத்தனையோ பேருக்கு அவை சோறு போட்டிருக்கின்றன, அதனால் அந்த இளக்காரம் வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். உங்கள் தம்பி சொல்வது வேறு. அமெரிக்காவில் 1901-இல் இல்லினாய்ஸ் மாநிலத்து ஜோலியட் என்ற ஊரில் ஆரம்பித்த ஏற்பாடு அது. பட்டப்படிப்பின் முதல் 2 வருடத்தை உள்ளூர்க் கல்லூரியில் குறைந்த செலவில் முடித்துவிட்டு, மூன்றாம் வருடத்தில் பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்வார்கள். கட்-ஆஃப் கிடையாது. கலிஃபோர்னியாவில் மட்டும் இப்படி 116 கல்லூரிகள். ஃப்ரீமாண்டிலேயே ஓலோனி கல்லூரி இருக்கிறது. அதில் சேர்வதில் மரியாதைக் குறைவு ஒன்றுமே இல்லை.

தகராறு எல்லாம் "செலவே கிடையாது" என்ற வார்த்தையில்தான். உங்கள் தம்பியின் பிள்ளைகளுக்கு அது கிட்டத்தட்ட உண்மை. அங்கே பாடங்களின் அளவை யூனிட் என்று கணக்கிட்டு, அதற்கேற்பக் கட்டணம் வாங்குவார்கள். கலிஃபோர்னியாவில் குடியிருப்பவர்களுக்கு ஒரு யூனிட்டுக்குக் கட்டணம் 46 டாலர். மாறுவதற்கு 60 யூனிட் தேவை என்று வைத்தால், 2 வருடத்துக்கும் சேர்த்து 2,760 டாலர். உங்கள் மகன் எஃப்-1 மாணவர் விசாவில் போவான். மாமா வீட்டு முகவரியில் எத்தனை மாதம் இருந்தாலும், அந்த விசாவில் இருக்கிறவரை அவன் வெளியாள்தான். வெளியாளுக்குப் பல கல்லூரிகளில் யூனிட்டுக்கு 300 டாலரைத் தாண்டும். 300 என்றே வைத்தாலும் 18,000 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று குறைத்துப் போட்டால்கூட 15 லட்சத்துக்கு மேல். மருத்துவக் காப்பீடு, புத்தகம், விமான டிக்கெட், விசாவுக்கு முன் கட்டும் 350 டாலர் சீவிஸ் (வெளிநாட்டு மாணவர் பதிவு) கட்டணம் எல்லாம் தனி. தங்குமிடமும் சாப்பாடும் மட்டும்தான் தம்பி புண்ணியத்தில் மிச்சம். அது பெரிய உதவிதான், மறுக்கவில்லை.

அடுத்த 2 வருடத்தை உங்கள் கடிதத்தில் யாருமே கணக்குப் போடவில்லை. பெர்க்லி போன்ற கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக வளாகங்களில் வெளிநாட்டு மாணவருக்கு ஒரு வருடக் கட்டணம் மட்டும் 50,000 டாலருக்கு மேல். இரண்டு வருடத்துக்கு, அதே 85 ரூபாய்க் கணக்கில், 85 லட்சம். உங்கள் கணவர் ஓய்வு பெறுகிற சமயத்தில்தான் இந்த பில் வரும். கல்லூரி உதவித்தொகை கிடைக்காதா என்று தம்பி கேட்கலாம். வெளிநாட்டிலிருந்து வந்து இடையில் சேரும் மாணவருக்கு அது கிடைப்பது அபூர்வம், அதை நம்பி வீட்டுப் பட்ஜெட் போட முடியாது. சான் ஹோசே ஸ்டேட் போன்ற மாநிலப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் இதில் பாதிக்கும் குறைவு. போவதென்றால் அந்தக் கணக்கைப் போடுங்கள், பெர்க்லி கணக்கை வேண்டாம்.

பெர்க்லிக்கு "மாறிக்கலாம்" என்பதும் அத்தனை லேசில்லை. கம்யூனிட்டி கல்லூரி மாணவர்களுக்கு, சொன்ன மதிப்பெண் எடுத்தால் இடம் நிச்சயம் என்று முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டுத் தரும் ஏற்பாடு ஒன்று உண்டு. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய 6 வளாகங்கள் அதில் இருக்கின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ மூன்றும் இல்லை. அங்கே எல்லாரோடும் போட்டி போட வேண்டும், அதுவும் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு. இன்னொன்று, விசா விதிப்படி செமஸ்டருக்குக் குறைந்தது 12 யூனிட் எடுத்தால் போதும். ஆனால் 12 வீதம் எடுத்தால் 4 செமஸ்டரில் 48தான் வரும். 60 வேண்டுமென்றால் 15 வீதம் எடுத்து, அத்தனையிலும் நல்ல கிரேடு வாங்க வேண்டும். எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் செல்லும் என்று பார்த்து எடுப்பதும் மாணவன் பொறுப்பு. நம்மூர் மாதிரி டைம் டேபிளைக் கையில் கொடுத்து உட்கார வைக்க மாட்டார்கள்.

இங்கேதான் உங்கள் மகன் வருகிறான். கோபித்துக்கொள்ளாதீர்கள், "மாமா சொல்றபடி" என்கிற பிள்ளை அந்த முறையில் திணறுவான். அதற்கு ஒரு சின்னச் சோதனை இருக்கிறது, காசு செலவில்லை. அசிஸ்ட் என்று கலிஃபோர்னியாவின் அரசுக் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவான அதிகாரப்பூர்வ இணையதளம் ஒன்று உண்டு. அதில் ஓலோனி கல்லூரியையும் சான் ஹோசே ஸ்டேட்டையும் போட்டு, கம்ப்யூட்டர் சயின்ஸைத் தேர்ந்தெடுத்தால், இந்தப் பாடத்துக்கு அந்தப் பாடம் என்று வரிசையாகக் காட்டும். அதைப் பார்த்து 4 செமஸ்டருக்குப் பாடத் திட்டம் ஒன்று எழுதி வரச் சொல்லுங்கள். ஒரு வாரம் கொடுங்கள். மாமாவிடம் கேட்கக் கூடாது, நீங்களும் கிட்டே போய் உட்காரக் கூடாது. எழுதி வந்தால் மேற்கொண்டு பேசலாம். பக்கத்தையே திறக்கவில்லை என்றால், அவனுக்கு அமெரிக்கா போக ஆசை இருக்கிறது, படிக்கும் ஆசை இன்னும் வரவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். 17 வயதில் அது பெரிய குற்றமும் இல்லை.

எப்படியும் இந்த ஆகஸ்ட்டில் போக முடியாது. கல்லூரி அனுமதி, விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவம், அண்ணா சாலை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் எல்லாம் இந்த இரண்டு மாதத்தில் முடிகிற காரியமில்லை. நேர்காணலில் "ஏன் கம்யூனிட்டி காலேஜ், படித்துவிட்டு ஊருக்குத் திரும்புவாயா" என்று கேட்டால், மாமா அங்கே இருக்கிறார் என்பது பதிலாகாது, சந்தேகத்தைத்தான் வளர்க்கும். படித்துக்கொண்டே தம்பியின் நண்பர் கடையில் வேலை பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் காதிலேயே போட்டுக்கொள்ளாதீர்கள். கல்லூரி வளாகத்துக்குள், வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரைதான் அனுமதி. வெளியே அனுமதியில்லாமல் வேலை செய்தால் விசா தகுதியே போய்விடும்.

ஆக, பத்து நாளில் அவன் கல்லூரிக்குப் போக வேண்டும். போகிறேன் பேர்வழி என்று இல்லாமல் ஒழுங்காகப் போக வேண்டும். டி.சி., மார்க் ஷீட் ஒரிஜினல்களைக் கொடுக்கும் முன் ஸ்கேன் செய்து, அட்டெஸ்ட் செய்த நகல் நாலு செட் வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் சான்று வாங்கிப் போனால் பழவந்தாங்கல் ஸ்டேஷனில் மாணவர் சலுகையில் சீசன் டிக்கெட் கிடைக்கும். வருகைப் பதிவு 75 சதவீதம் என்பதை முதல் நாளே சொல்லி வையுங்கள். ஷிஃப்ட் 2 பையன்கள் கோட்டை விடுவது பெரும்பாலும் அதில்தான். மத்தியானம்தானே வகுப்பு என்று பதினொரு மணிக்கு எழுந்து, பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட்டு, முதல் பீரியடைத் தவறவிடுவார்கள்.

அந்த காலை நேரம்தான் அவன் கையில் இருக்கும் சொத்து. நான் அதை ஒரு காரியத்துக்குப் பயன்படுத்தச் சொல்வேன். உங்கள் வீட்டிலிருந்து அதிகத் தூரமில்லாத சென்னை ஐ.ஐ.டி., ஆன்லைனில் டேட்டா சயின்ஸ் பி.எஸ். பட்டப்படிப்பு நடத்துகிறது. ஜே.இ.இ. தேவையில்லை. நாலு வாரப் பாடம் படித்து, நேரில் ஒரு தகுதித் தேர்வு எழுதித் தேறினால் உள்ளே போகலாம். முதலில் ஃபவுண்டேஷன், அப்புறம் டிப்ளமோ, அப்புறம் பட்டம் என்று கட்டம் கட்டமாக ஏறலாம், நடுவில் நிறுத்தினாலும் அதுவரை முடித்ததற்குச் சான்றிதழ் உண்டு. வாசலை எல்லாருக்கும் திறந்து வைத்து, உள்ளே வந்தபின் மார்க்கைப் பார்க்கும் அதே கம்யூனிட்டி காலேஜ் தத்துவம்தான், நங்கநல்லூரில் இருந்தபடியே. ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று யு.ஜி.சி. 2022-இலேயே சொல்லிவிட்டது. பி.எஸ். 4 வருடப் பட்டம் என்பதால், பின்னால் எம்.எஸ். படிக்க அமெரிக்கா போக நினைத்தால், 3 வருட பி.எஸ்சி.யை மட்டும் வைத்துக்கொண்டு சில இடங்களில் படும் அவஸ்தை இருக்காது. கணக்கு வேலை அதிகம், முதல் முறை தேறாமலும் போகலாம். போனால் போகட்டும், மறுபடி எழுதட்டும்.

அவன் அந்தப் பாடத் திட்டத்தையும் எழுதி, முதல் செமஸ்டரிலும் நல்ல மார்க் வாங்கி, உங்களுக்கும் நாலு வருடச் செலவைத் தாங்க முடியும் என்றால், அடுத்த ஆகஸ்ட்டுக்கு விண்ணப்பிக்கலாம், நானே போகச் சொல்வேன். இங்கே படித்த வருடத்தை விண்ணப்பத்தில் மறைக்கக் கூடாது, அது மட்டும் கவனம். சென்னையில் அமெரிக்க-இந்தியக் கல்வி அமைப்பான யு.எஸ்.ஐ.இ.எஃப். நடத்தும் எஜுகேஷன் யு.எஸ்.ஏ. மையம் இதற்கெல்லாம் இலவசமாக ஆலோசனை சொல்கிறது. ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டும் முன் அங்கே ஒரு முறை போய்விட்டு வாருங்கள்.

தம்பியிடம் முடியாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்ல வேண்டாம். அவர் பாசத்தில்தான் கூப்பிடுகிறார். இரண்டே கேள்வி கேளுங்கள்: எஃப்-1 மாணவனுக்கு ஓலோனியில் யூனிட்டுக்கு இப்போது என்ன கட்டணம், மூன்றாம் வருடமும் நாலாம் வருடமும் பணம் எங்கிருந்து வரும். ஃபோனில் வேண்டாம், வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் கணவரும் படிக்க வேண்டும்.