பாதுகாப்பு இல்லங்களுக்கு வணிகர்கள் எப்படிக் கைகொடுக்கலாம்? வாசகர் கேள்வி – பதில்

கணவனின் அடி உதைக்குத் தப்பிப் பிள்ளைகளோடு வெளியேறும் பெண்கள் தங்கும் பாதுகாப்பு இல்லங்களுக்குக் கடைக்காரர்களும் நிறுவனங்களும் எப்படி உதவலாம் என்று கேட்டு வந்த கடிதங்களில் ஐந்தை இம்முறை எடுத்துக்கொண்டோம். இல்ல நிர்வாகமும் சட்ட உதவியும் அறிந்த எங்கள் குழுவினர் பதில் தருகிறார்கள். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கொழும்பு புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருக்கிறோம். பக்கத்துக் கடைக்காரர்களும் சேர்ந்து தீபாவளிக்கு ஓர் இல்லத்துக்கு உடுப்பும் உலர் உணவுப் பொதிகளும் கொடுக்க நினைக்கிறோம். நேரில் போய்ப் பிள்ளைகள் கையில் கொடுக்க ஆசை. எந்த இல்லத்துக்குப் போகலாம்?

கொடுங்கள், ஆனால் நேரில் போகும் எண்ணத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். இந்த இல்லங்களின் முகவரி வெளியில் தெரியக்கூடாது. தேடி வரும் கணவன் சாரதியிடம் விசாரிப்பான், சுமை இறக்கும் நாட்டாமியிடம் விசாரிப்பான், உங்கள் கடைப் பெயர் போட்ட வேன் எந்த ஒழுங்கையில் நின்றது என்று கேட்பான். முகநூலில் போட்ட படத்தில் பிள்ளைகளின் முகத்தை மறைத்திருந்தாலும் பின்னால் தெரியும் கேற்றும் மதிலும் போதும். கைப்பேசியில் எடுத்த படத்தோடு இடக்குறிப்பும் சேர்ந்தே போய்விடக்கூடும். முகவரி கசிந்தால் வீட்டையே மாற்ற வேண்டிவரும். புது வீட்டுக்கு முற்பணம், பிள்ளைகளுக்கு மறுபடியும் பாடசாலை மாற்றம் என்று ஒரு வருட உதவி அதிலேயே கரைந்துவிடும்.

வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவ 1987 முதல் இயங்கும் விமன் இன் நீட் போன்ற அமைப்புகளுக்கு வெளிப்படையான அலுவலகம் இருக்கிறது. அங்கே பேசி, இந்த மாதத் தேவைப் பட்டியலைக் கேளுங்கள். அமைப்பு எதுவும் தெரியாவிட்டால் மகளிர் உதவிச்சேவையின் 1938 இலக்கத்தில் விசாரிக்கலாம். பொருட்களை அலுவலகத்தில் இறக்கினால் போதும், மிச்சத்தை அவர்கள் வாகனம் பார்த்துக்கொள்ளும்.

என்ன கொடுப்பது என்பதற்கு வருவோம். 10 பெண்களும் 15 பிள்ளைகளும் இருக்கும் வீட்டில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 7 கிலோ அரிசி போகும். பிள்ளைகளுக்கு இரண்டு வேளை பால் கொடுத்தால் 400 கிராம் பால்மாப் பைக்கற் இரண்டு ஒரே நாளில் முடியும். தீபாவளிக்கும் நத்தாருக்கும் வந்து குவியும் அரிசி மூட்டையில் வண்டு பிடிக்கும், மார்ச் மாதத்தில் பால்மா வாங்கக் காசு இருக்காது. ஆகவே நான்கு கடைக்காரர் சேர்ந்தால் ஒருவர் பால்மா, ஒருவர் 12.5 கிலோ காஸ் சிலிண்டர், ஒருவர் பருப்பும் டின்மீனும், ஒருவர் சவர்க்காரமும் சானிட்டரி நாப்கினும் என்று பிரித்துக்கொண்டு 12 மாதமும் கொடுங்கள். தொகை சிறிதாக இருந்தாலும் பரவாயில்லை, திகதி தவறக்கூடாது.

உங்களிடம் துணி இருப்பதால் இன்னொன்றும் சொல்கிறோம். பெரும்பாலான பெண்கள் உடுத்த உடுப்போடுதான் வந்து சேர்கிறார்கள். அந்த இரவுக்கென்று கட்டிவைத்த பை ஒன்று இருந்தால் பெரிய ஆறுதல்: இரண்டு நைட்டி, ஒரு சல்வார், அளவு எழுதி ஒட்டிய புதிய உள்ளாடைகள், துவாய், சீப்பு, பற்தூரிகை, ரப்பர் செருப்பு, நாப்கின் இரண்டு பைக்கற், கைப்பேசி சார்ஜர், ஒரு சின்னப் பூட்டும் திறப்பும். பூட்டு எதற்கென்றால், பலர் தங்கும் அறையில் அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் அவள் தன் அலுமாரித் தட்டில் பூட்டிவைக்க வேண்டும். பிள்ளைக்குத் தனிப் பை: வயதுக்கேற்ற உடுப்பு இரண்டு, பம்பர்ஸ், 80 பக்க அப்பியாசக் கொப்பி, பென்சில். கடைப் பெயர் அச்சிடாத பையாக இருக்கட்டும். உள்ளாடை எப்போதும் புதிதாகவே இருக்க வேண்டும். பொத்தான் இல்லாத, கறை பிடித்த பழைய உடுப்பைத் தரம் பிரிக்க இல்லத்தில் ஆள் இல்லை.

யூனியன் பிளேஸில் உள்ள நிறுவனமொன்றின் மனிதவளப் பிரிவில் வேலை செய்கிறேன். ஓர் இல்லத்தோடு மூன்று வருட ஒப்பந்தம் செய்ய நிர்வாகம் சம்மதித்துள்ளது. ஒரு நாள் ஊழியர்கள் போய்ச் சுவருக்குப் பெயின்ற் அடிக்கும் நிகழ்வையும் சேர்க்கச் சொல்கிறார்கள். ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும்?

பெயின்ற் அடிக்கும் நாளை முதலில் எடுத்துவிடுங்கள். 40 பேர் போனால் முகவரி 40 வீடுகளுக்குத் தெரிந்ததாகிவிடும். இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். குடிசன மதிப்பீட்டுப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019 ஆய்வின்படி, இலங்கையில் துணையோடு வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் வாழ்நாளில் அந்தத் துணையின் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார். அப்படியென்றால் உங்கள் ஊழியர்களிடையே அடிவாங்கியவரும் இருக்கலாம், அடிப்பவரும் இருக்கலாம். ஊழியர்கள் உடலுழைப்பாக ஏதாவது செய்ய விரும்பினால், மேலே சொன்ன பைகளை உங்கள் அலுவலகத்திலேயே கட்டட்டும்.

பணத்தை எதற்குக் கொடுப்பது என்பதில்தான் ஒப்பந்தத்தின் உயிர் இருக்கிறது. கட்டிலும் கணினியும் வாங்கித்தர நிறுவனங்கள் போட்டி போடும். வாடகைக்கும் மின்சாரக் கட்டணத்துக்கும் இரவுப் பணியாளர் சம்பளத்துக்கும் ஆள் கிடைக்காது. 24 மணி நேரமும் ஒருவர் விழித்திருக்க, 8 மணி நேர வேலைமுறைப்படி (ஷிப்ட்) வாரத்துக்கு 21 வேலைமுறைகள். ஓய்வு நாளையும் லீவையும் சேர்த்தால் ஒரு இடத்துக்கு 4 பேர் வேண்டும். சம்பளத்துக்கு மேல் தொழில்தருநர் கட்ட வேண்டிய ஊழியர் சேமலாப நிதி 12 வீதம், நம்பிக்கை நிதி 3 வீதம். இரவு 2 மணிக்குப் பொலிஸ் கொண்டுவந்துவிடும் தாயையும் மூன்று பிள்ளைகளையும் உள்ளே எடுக்க ஆள் இல்லாமல்தான் சில இல்லங்கள் கதவை மூடவேண்டி வருகிறது. உங்கள் மூன்று வருடப் பணத்தில் பாதிக்கு மேல் இந்தச் செலவுக்குப் போகட்டும், அதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

காலாண்டுத் தொடக்கத்தில் முற்கூட்டியே பணம் கொடுப்பதாக எழுதுங்கள். பற்றுச்சீட்டு காட்டினால் பிறகு தருவோம் என்ற முறை சின்ன அமைப்பை மூச்சுத்திணற வைக்கும். விலகுவதானால் 6 மாத முன்னறிவித்தல். இல்லத்தின் முகவரி, தங்கியிருப்பவர்களின் பெயர், படம், 'வெற்றிக்கதை' எதையும் கேட்பதில்லை என்று தனிப் பிரிவு. அறிக்கையில் எத்தனை பெண்கள், எத்தனை பிள்ளைகள், எத்தனை இரவுகள் என்ற எண்ணிக்கை மட்டும். அதிலும் எண்ணிக்கை மிகச் சிறியதாக இருந்தால் மாவட்டம், மதம், வயது என்று பிரித்துக் கேட்காதீர்கள், ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

அமைப்பின் பதிவிலக்கத்தையும் தணிக்கை செய்த கணக்கறிக்கையையும் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. வரிச்சலுகையைப் பெரிதாக நம்ப வேண்டாம். 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம், அங்கீகரிக்கப்பட்ட தரும நிறுவனத்துக்குக் கம்பனி கொடுக்கும் நன்கொடைக்கு வைத்த எல்லை, வரிக்குரிய வருமானத்தில் ஐந்திலொன்று அல்லது 5 இலட்சம் ரூபா, இரண்டில் குறைந்தது. கையெழுத்திடுவதற்கு முன் கணக்காளரிடம் காட்டிவிடுங்கள்.

எங்கள் தையல் ஆலையில் வேலை செய்யும் ஒரு தங்கச்சி பிள்ளையோடு இல்லத்தில் இருக்கிறார். கணவர் கேற்றுக்கு வந்து சத்தம் போடுகிறார். முதலாளி அவரை வேலையிலிருந்து நிறுத்திவிடலாம் என்கிறார். மேற்பார்வையாளராக நான் என்ன செய்யலாம்? (கிராண்ட்பாஸ்)

வேலையை நிறுத்தினால் சம்பளம் போகும், சம்பளம் போனால் அவர் திரும்பவும் அந்த வீட்டுக்கே போகவேண்டி வரும். கணவர் எதிர்பார்ப்பது அதைத்தான். முதலாளியிடம் இதை நேராகவே சொல்லுங்கள்.

2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அந்தத் தங்கச்சியே கேட்கலாம், அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் கேட்கலாம். முதலில் இடைக்காலக் கட்டளை, அது 14 நாட்களுக்கு மேற்படாது. விசாரணைக்குப் பின் வரும் கட்டளை 12 மாதம் வரை நிற்கும். வீட்டுக்கு மட்டுமன்றி வேலைத்தலத்துக்கும் இல்லத்துக்கும் கணவர் வரக்கூடாது என்று கட்டளையிட முடியும். மனுவில் ஆலையின் பெயரைச் சேர்க்க மறந்துவிடுகிறார்கள், சட்டத்தரணியிடம் நினைவூட்டுங்கள். வன்முறை நடந்த இடத்து நீதிமன்றத்திலும் மனுப் போடலாம் என்பதால், இல்லம் இருக்கும் பகுதியைக் காட்டிக்கொடுக்கத் தேவையில்லை. செலவுக்கு வழியில்லை என்றால் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. கட்டளையை மீறினால் ஒரு வருடம் வரை சிறை, 10,000 ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும்.

கட்டளை கிடைத்ததும் பிரதியொன்று காவலாளியிடம் இருக்கட்டும். ஆள் வந்தால் வாக்குவாதம் வேண்டாம், கேற்றைப் பூட்டிவிட்டு 119 க்கு அழைக்க வேண்டும், வந்த நேரத்தைப் புத்தகத்தில் பதிய வேண்டும். தங்கச்சியின் இரவு வேலைமுறையைப் பகலுக்கு மாற்றுங்கள். "இன்று வந்திருக்கிறாரா?" என்று தொலைபேசியில் யார் கேட்டாலும், மாமியார் என்று சொன்னாலும், பதில் சொல்லக்கூடாது.

அதிகம் பேர் தவறவிடுவது சம்பளக் கணக்கை. அது கூட்டுக் கணக்காக இருந்தாலோ, வங்கிக் குறுஞ்செய்தி கணவரின் இலக்கத்துக்குப் போனாலோ, தங்கச்சி எந்த இயந்திரத்தில் பணம் எடுத்தார் என்பது அந்த நிமிடமே கணவருக்குத் தெரியும். அடுத்த சம்பளத்துக்கு முன் அவர் பெயரில் மட்டும் புதுக் கணக்கு, புது இலக்கம். கடிதத் தொடர்புக்கு ஆலையின் முகவரி. சேமலாப நிதிப் படிவத்தில் பின்னுரித்தாளர் (அவருக்குப் பின் பணத்தைப் பெறுபவர்) யார் என்பதையும் அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

வெள்ளவத்தையில் சிறிய விடுதி நடத்துகிறேன். இல்லங்கள் நிறைந்திருக்கும்போது ஓர் அறையைக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், மிகவும் தேவையான உதவி. ஆனால் நேரடியாக ஆள் எடுக்காமல் ஓர் அமைப்போடு பேசி, அவர்கள் அனுப்புபவரை மட்டும் எடுங்கள். ஓரிரு இரவுக்குத்தான், அமைப்பின் ஊழியர் ஒருவர் தினமும் வந்து பார்க்க வேண்டும். கேற்றிலிருந்து தெரியாத மாடி அறை நல்லது. வரவேற்பில் திறந்து கிடக்கும் பதிவேட்டில் அவர் பெயரை யாரும் படிக்க முடியாதபடி பாருங்கள், பில் அமைப்பின் பெயருக்குப் போகட்டும். முறை மாறி வரும் ஊழியர்கள் எல்லோருக்கும் விபரம் வேண்டாம், ஒரு முகாமையாளருக்குத் தெரிந்தால் போதும். பிள்ளைகள் பசியோடு வருவார்கள், சமையலறை மூடியிருந்தாலும் பாணும் முட்டையும் எடுத்துவையுங்கள்.

அழகு நிலையம் வைத்திருக்கிறேன், இல்லத்திலிருந்து வெளியே வரும் பெண்களுக்கு இலவசமாகத் தொழில் பழக்கலாம் என்று இருக்கிறேன். பயன்படுமா? (கொட்டாஞ்சேனை)

பழகும் காலத்துக்கும் படி கொடுத்தால் பயன்படும். சும்மா பழக்கினால் மூன்று மாதம் வருமானமில்லாமல் தாக்குப்பிடிக்க முடியாமல் இடையில் நின்றுவிடுவார்கள். எல்லோருக்கும் தையலும் அழகுக்கலையும்தான் என்று ஒதுக்கிவிடாமல், கணக்கு எழுதத் தெரிந்தவரைக் காசாளராக வையுங்கள். வாடிக்கையாளர் முன் நிற்க வேண்டிய தொழில் என்பதால், உங்கள் பகுதி கணவர் வந்துபோகும் இடமா என்று முதலில் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

பெண் இல்லத்திலேயே மாதக்கணக்கில் தங்கிவிடுவதற்குப் பெரிய காரணம் வாடகை முற்பணம். கொழும்பில் 6 மாதம், ஒரு வருடம் என்று கேட்கிறார்கள். வேலை கிடைத்தாலும் அந்தத் தொகை அவரிடம் இருக்காது. உங்களைப் போன்ற மூன்று நான்கு வணிகர் சேர்ந்து முற்பணத்துக்கென ஒரு சுழற்சி நிதி வைத்து அமைப்பிடம் ஒப்படையுங்கள். வீட்டுக்காரரோடு ஒப்பந்தம் அமைப்பின் பெயரில் இருந்தால், அந்தப் பெண் வீடு மாறும்போது முற்பணம் திரும்பி வந்து அடுத்த குடும்பத்துக்குப் போகும்.