"கையெழுத்து போட்டால் போதும்" என்கிறார்கள்... அறங்காவலராகச் சேரலாமா?

கேள்வி: வங்கியில் 32 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். நான் படித்த அரசுப் பள்ளியின் முன்னாள் மாணவர்கள் ஒரு கல்வி அறக்கட்டளை நடத்துகிறார்கள். கல்லூரிக்குப் போகும் ஏழைப் பிள்ளைகளுக்குப் பணம் கட்டுகிறார்கள். என்னை அறங்காவலராகச் சேரச் சொல்கிறார்கள். "உங்களுக்கு ஒரு வேலையும் இருக்காது மேடம், அப்பப்ப கையெழுத்து போட்டால் போதும்" என்கிறார்கள். "எதற்கு வீண் வம்பு" என்கிறார் என் கணவர். சேரலாமா?
- வாசகி, தென்காசி மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

சேருங்கள். ஆனால் கையெழுத்துக்காக மட்டும் என்றால் வர மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். உங்கள் கணவரின் பயம் நியாயமானதுதான். நாளைக்குப் பணம் தவறான வழியில் போனால், "காட்டிய இடத்தில் கையெழுத்து போட்டேன், வேறெதுவும் தெரியாது" என்பது ஒரு பதிலாகாது. வங்கியில் இருந்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சம்மதம் சொல்வதற்கு முன் அறக்கட்டளைப் பத்திரம், கடைசி மூன்று ஆண்டுகளின் தணிக்கை செய்த கணக்கு, வருமான வரிப் பதிவு, நன்கொடை தருபவருக்கு வரிச் சலுகை கிடைக்கச் செய்யும் 80ஜி சான்று ஆகியவற்றைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். சான்றுகள் இன்னும் செல்லுபடியாகின்றனவா என்றும் பாருங்கள். "எல்லாம் ஆடிட்டரிடம் இருக்கிறது" என்று இரண்டு மூன்று தடவை இழுத்தடித்தால், அங்கே போகாமல் இருப்பதே நல்லது.

வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் ஆசையாகப் பணம் அனுப்புவார்கள். அங்கே கவனம் வேண்டும். இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் இருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்.சி.ஆர்.ஏ. எனும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அதைத் தொடக் கூடாது, கூடப் படித்தவராகவே இருந்தாலும்.

சரி, இதெல்லாம் காகிதம். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது பிள்ளைகளைப் பற்றி.

ஓர் அறக்கட்டளையில் நான் ஒன்பது ஆண்டுகள் அறங்காவலராக இருந்தேன். ஓர் ஆண்டு எங்கள் கூட்டம் தள்ளித் தள்ளிப் போய் செப்டம்பரில் நடந்தது. காசோலை வாங்க வந்த ஒரு பெண்ணிடம், "ஃபீஸ் கட்டியாச்சாம்மா?" என்று சும்மா கேட்டேன். ஜூலையிலேயே அம்மாவின் தோட்டை அடகு வைத்துக் கட்டிவிட்டதாகச் சொன்னாள். நாங்கள் கொடுத்த பணத்தில் ஒரு பகுதி அந்த வட்டிக்குத்தான் போனது. எங்கள் கணக்கில் ஒரு ரூபாய் தவறில்லை. ஆனாலும் அந்தப் பிள்ளைக்குத் தேவைப்பட்ட நாளில் நாங்கள் இல்லை. அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. அடுத்த ஆண்டே ஒரு தீர்மானம் போட்டோம்: பத்தாயிரம் ரூபாய் வரை இரண்டு அறங்காவலர்கள் சேர்ந்து உடனே கொடுக்கலாம், அடுத்த கூட்டத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளலாம். கலந்தாய்வில் இடம் கிடைத்தால் சில நாட்களுக்குள் பணம் கட்டியாக வேண்டும். அந்தச் சில நாட்களுக்குத்தான் நம்மைப் போன்றவர்கள் தேவை.

இன்னொன்று, எதற்குக் கொடுக்கிறோம் என்பது. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல், மருத்துவம் போன்ற படிப்புகளில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதல் மாணவிகளுக்கும், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 முதல் மாணவர்களுக்கும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அரசு கொடுப்பதையே நாமும் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். எது விடுபடுகிறது என்று பாருங்கள். கலை அறிவியல் கல்லூரிப் பிள்ளையின் மெஸ் பில், தேர்வுக் கட்டணம், சேர்ந்த முதல் மாதம் கைச்செலவுக்குத் திண்டாடும் பிள்ளை, இப்படி. சில வீடுகளில் எந்தத் திட்டத்துக்கு எங்கே விண்ணப்பிப்பது என்றே தெரியாது. கூட உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தாலே பாதி பாரம் இறங்கிவிடும்.

ஊர்க்காரர்கள் நடத்தும் அமைப்பு என்பதால் சொந்தக்காரப் பிள்ளைகளும் விண்ணப்பிப்பார்கள். அறங்காவலரின் நெருங்கிய உறவினருக்குப் பணம் போனால் வரிவிலக்குக்கே ஆபத்து. உங்கள் வீட்டு உறவு என்றாலும் கூசாமல் மறுத்துவிடுங்கள். அப்புறம், மேடையில் நிற்கவைத்துப் பெரிய அட்டைக் காசோலையோடு படம் எடுப்பதை முடிந்தால் நிறுத்துங்கள். பதினேழு வயதுப் பிள்ளைக்குத் தன் வறுமை ஊர் வாட்ஸ்அப்பில் சுற்றுவது எவ்வளவு வலிக்கும்! பணத்தை வங்கிக் கணக்கில் போட்டுவிட்டு, "கட்டிவிட்டாயா?" என்று ஒரு போன் செய்தால் போதும்.

பத்திரத்தையும் கணக்கையும் வாங்கியதும் கணவரிடமும் கொடுங்கள், இருவருமாகப் படித்துப் பாருங்கள். சேர்ந்துவிட்டால், முதல் கூட்டத்திலேயே பிள்ளைகள் எந்தெந்தத் தேதிக்குள் பணம் கட்ட வேண்டும் என்ற பட்டியலைக் கேளுங்கள். அப்படி ஒரு பட்டியல் இல்லை என்றால், அதைத் தயாரிப்பதே உங்கள் முதல் வேலையாக இருக்கட்டும்.